வடசென்னை இப்படி ஆனது திட்டம் போட்டா, தானாகவா? எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

கொருக்குப்பேட்டை கவி

வணக்கம். முதுகலை புவியியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். ஆய்வுக்கு எங்கள் ஏரியாவையே எடுத்திருக்கிறேன்: கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கூடவே வியாசர்பாடியில் ஒரு ஓரம். கடந்த நூற்றைம்பது வருஷத்தில் இங்கே நிலம் எதற்கெல்லாம் பயன்பட்டது, அது எப்படி மாறியது என்பதுதான் தலைப்பு.

முதலில் ஒரு கோட்பாட்டைப் பிடித்துக்கொள், அப்புறம் தெருவில் இறங்கு என்கிறார் எங்கள் மேடம். சரி என்று சிகாகோவை வைத்து பர்ஜெஸ் 1925-ல் போட்ட வட்டப் படத்தை எடுத்தேன். நடுவில் வியாபாரம், அதைச் சுற்றித் தொழிற்சாலையும் பழைய வீடுகளும், அப்புறம் தொழிலாளர் வீடுகள், கடைசியில் வசதியானவர்கள். பாரிமுனையை நடுவாக வைத்தால் கிழக்கே பாதி வட்டம் கடலுக்குள் போய்விடுகிறது. மீதிப் பாதியிலும் தெற்கே ஒரு மாதிரி, வடக்கே முற்றிலும் வேறு மாதிரி. எப்படித் திருப்பி வைத்தாலும் எங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை.

எங்கள் தெருவிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதாவது ஒன்று மறிக்கிறது. ஒரு பக்கம் ரயில்வே கேட், ஒரு பக்கம் எண்ணெய் டேங்குகள், ஒரு பக்கம் கால்வாய், மெயின் ரோட்டுக்கு வந்தால் கண்டெய்னர் லாரி வரிசை. மேற்கிலிருந்து காற்று அடித்தால் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை. இதையெல்லாம் யாரோ உட்கார்ந்து இங்கேதான் வரணும் என்று முடிவு செய்தார்களா, ஒன்றன் பின் ஒன்றாகத் தானாக வந்து சேர்ந்ததா? தாத்தாவைக் கேட்டால் துறைமுகம் வந்துச்சு, மத்ததெல்லாம் அது பின்னாடியே வந்துச்சு என்கிறார். கூடப் படிக்கிறவர்கள் இங்கே இருப்பவர்கள் யார் என்று பார், அதுதான் காரணம் என்கிறார்கள். மேடம் மாஸ்டர் பிளானைப் படி என்கிறார். மூன்றிலும் உண்மை இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. எதை எந்தக் காகிதத்தை வைத்து நிரூபிப்பது? இந்த மாதிரி வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ரொம்ப உதவியாக இருக்கும்.


முத்தியால்பேட்டை மேஸ்திரி

நான் கட்டடக் கலைஞன். பல வருஷமாக ஜார்ஜ் டவுனில் பழைய வீடுகளை அளந்து வரைந்துகொண்டிருக்கிறேன். பர்ஜெஸை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். அவர் வளர்ந்துகொண்டே போகிற ஒரு ஊரை மேலிருந்து பார்க்கிறார். உங்களுக்கு வேண்டியது தரையிலிருந்து பார்க்கிற முறை. கான்சன் என்று ஒரு ஜெர்மன் புவியியலாளர், இங்கிலாந்துக்குப் போய்விட்டவர், வடக்கு இங்கிலாந்தில் ஆல்னிக் என்கிற சின்ன ஊரை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து 1960-ல் வெளியிட்டார். ஊரை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்: தெரு, மனை, கட்டடம். கட்டடம் சீக்கிரம் மாறும். மனையின் எல்லை மெதுவாக மாறும். தெரு இருக்கிறதே, அது கடைசிவரை பிடிவாதமாக நிற்கும்.

இதை நம்ம ஊரில் வைத்துப் பாருங்கள். கோட்டையை ஒட்டி வடக்கே இருந்த பழைய கறுப்பர் நகரம், 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்த பிறகு இடிபட்டது. இன்றைக்கு உயர்நீதிமன்றம் நிற்கிற இடம் அது. கோட்டைக்கு முன்னால் பீரங்கிக்கு மறைப்பு இருக்கக் கூடாது என்று அந்த வெற்றிடத்தை அப்படியே வைத்து, இதற்கு இந்தப் பக்கம் வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. ஊர் முழுக்க வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் தள்ளப்பட்டது. அதைச் சுற்றி ஒரு மதில் கட்டினார்கள். மதில் போய்விட்டது, பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் ஒரு துண்டு மட்டும் மிச்சம். ஆனால் மதில் ஓடிய கோடு வால்டாக்ஸ் ரோடாக இன்னும் இருக்கிறது. இரண்டு பேட்டைக்கும் நடுவே தண்ணீர் ஓடிய பள்ளத்தை போபாம் என்கிற வக்கீல் தூர்த்துச் சீர்செய்தார், அது பிராட்வே. கவர்னர் பிட் அளக்கச் சொல்லி 1710 வாக்கில் வந்த வரைபடம் ஒன்று இருக்கிறது. அதையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தால் பேட்டைத் தெருக்கள் சிலவற்றைக் கையால் தடவிக் கண்டுபிடிக்கலாம்.

ஏன் தெரு மாறுவதில்லை? தெருவை நகர்த்த வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் இருக்கிற எல்லோரும் சம்மதிக்க வேண்டும், யார் சம்மதிப்பார்கள். மனைக்கு வேறு கதை. அப்பா போனால் அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை. ஒவ்வொருவருக்கும் தெருவில் ஒரு வாசல் வேண்டும், அதனால் மனையை நீளவாக்கில்தான் பிரிப்பார்கள். இரண்டு தலைமுறை போனால் முகப்பு எட்டடி, ஆழம் எண்பதடி என்று ஒரு ரயில்பெட்டி. அதற்குமேல் நீளவாக்கில் பிரிக்க முடியாது, ஆகவே முன்கட்டு ஒருவருக்கு, பின்கட்டு ஒருவருக்கு, பக்கத்தில் ஒரு ஆள் நுழைகிற சந்து. பின்கட்டுக்கு வெளிச்சம் முற்றத்திலிருந்துதான் வரும். முற்றத்தையும் மூடி அறை எடுத்தால் அந்த வீடு முடிந்தது, குடும்பம் காலி செய்துவிட்டு குடோனுக்கு வாடகைக்கு விடும். ஜார்ஜ் டவுனில் வீடுகள் குடோன் ஆனதற்கு முதலில் எல்லோரும் சொல்வது மார்க்கெட்டைத்தான். அளந்து பார்த்தால் பாதி வீடுகளில் காரணம் இந்த மனையின் வடிவம்.

உங்களுக்கு நான் சொல்வது: மொத்த ஏரியாவையும் எடுக்காதீர்கள். நாலு தெரு சேர்ந்த ஒரே ஒரு பிளாக். அங்கே இருப்பவர்களிடம் மூலப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். விலையையும் பெயரையும் மறைத்துக்கொண்டு காட்டட்டும், உங்களுக்கு வேண்டியது சொத்து விவரத்தில் வருகிற நான்கெல்லை மட்டும்தான். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பழைய பத்திரத்தில் நான் பார்த்தது: வடக்கே வாய்க்கால், கிழக்கே தென்னந்தோப்பு, மேற்கே உப்பு வண்டிப் பாதை, தெற்கே இன்னாருடைய மனை. இன்றைக்கு அந்த வாய்க்கால் ஆறடிச் சந்து. மழை பெய்தால் தண்ணீர் முதலில் நிற்பது அதே சந்தில். அடுத்தடுத்த கிரயப் பத்திரங்களில் தோப்பு எப்போது காலிமனை ஆனது, காலிமனை எப்போது ஷெட் ஆனது என்று வரிசையாகக் கிடைக்கும். எந்த அரசாங்க அறிக்கையிலும் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்காது.


காசிமேடு பாபு

கவி தங்கச்சி, அண்ணன் சொன்னதெல்லாம் நல்ல விஷயம். ஆனால் பத்திரம் இருக்கிறவனுக்குத்தான் அந்த வழி. எங்களுக்குக் கிழக்கெல்லை கடல். அது எங்கே நிற்கும் என்று எந்தப் பத்திரம் சொல்லும்?

நிலம் எப்படி மாறியது என்று எழுதும்போது, இல்லாமலே போன நிலத்தையும் எழுதுங்கள். வருஷத்தில் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும், வாடைக்காற்று மாதங்களில் மட்டும் திரும்பும். மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் துறைமுகத்துச் சுவரைக் கட்டினால் என்ன ஆகும்? தெற்கே மணல் தங்கும், வடக்கே பசிக்கும். மெரினா அவ்வளவு அகலமானது இப்படித்தான். அங்கே சேர்ந்த மணல் எங்கள் பக்கம் வரவேண்டிய மணல். துறைமுகத்தை முதலில் கட்டி முடிக்கிற நேரத்தில் 1881 புயல் உடைத்துப் போட்டது, திரும்பக் கட்டினார்கள், அப்புறம் துறைமுகத் தலைவராக இருந்த ஸ்பிரிங் துரை காலத்தில் வாசலை வடகிழக்குப் பக்கம் மாற்றினார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கரை பதில் சொன்னது.

என் ஆயா சொல்லும் வீடு, வலை காயப்போட்ட மேடு, அவர்கள் கும்பிட்ட சின்னக் கோயில், மூன்றும் இப்போது கருங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீரில். குப்பம் ஒரு தடவை பின்னால் நகர்ந்தது, மறுபடி நகர்ந்தது, அப்புறம் பின்னால் ரோடு வந்துவிட்டது, நகர இடம் இல்லை. பிறகு போர்டு வீடு. கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட பிறகு சில இடத்தில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் வளைவு முடிகிற இடத்துக்கு வடக்கே அரிப்பு அதிகமாகிறது. பிரச்சினையை அடுத்த குப்பத்துக்குத் தள்ளிவிடுகிற வேலையாகத்தான் எனக்குத் தெரிகிறது.

வயசானவர்களிடம் எந்த வருஷம் என்று கேட்காதே, சொல்லத் தெரியாது. கலங்கரை விளக்கத்துக்கு நேராகவா, ஐஸ் ஃபேக்டரிக்கு நேராகவா, கட்டுமரத்தை எங்கே ஏற்றிவைப்பீர்கள், அங்கிருந்து சர்ச் எத்தனை தெரு என்று கேள். டக்கென்று சொல்வார்கள். சுனாமிக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். எங்கள் தெருவுக்கு வந்தால் நானே நாலு பேரிடம் கூட்டிப்போகிறேன்.


மாதவரம் ரவுண்டானா

நகரமைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேஸ்திரி சொல்வதில் முக்கால்வாசி ஏற்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன், அது உங்கள் கேள்விக்கு நேராக வருகிற இடம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

உங்களுக்குக் கோட்பாடுதான் வேண்டுமென்றால் ஹொமர் ஹாய்ட் 1939-ல் சொன்னதைப் பாருங்கள். நகரம் வட்டமாக விரிவதில்லை, ஆப்பு ஆப்பாக ஒவ்வொரு திசையில் நீளும். வசதியானவர்கள் ஒரு திசையைப் பிடித்தால் தலைமுறை தலைமுறையாக அதே திசையில் வெளியே போவார்கள், தொழில் ரயிலையும் தண்ணீரையும் ஒட்டி வேறொரு திசையில் போகும். சென்னைக்கு இது கச்சிதமாக உட்காருகிறது. கம்பெனி துரைகள் 18-ஆம் நூற்றாண்டிலேயே மவுண்ட் ரோட்டை ஒட்டித் தென்மேற்கே தோட்ட வீடு கட்டிப் போய்விட்டார்கள். வடக்கே 1806-ல் எண்ணூர் வரைக்கும் கால்வாய் வந்துவிட்டது, பின்னால் அது பக்கிங்ஹாம் கால்வாயோடு சேர்ந்தது. உப்பும் சவுக்கு விறகும் படகில் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வந்தன. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அப்புறம் பெரம்பூர் பட்டறை, மில்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அதே கோட்டில்தான்: 1955-ல் ரயில்பெட்டித் தொழிற்சாலை, 1969-ல் மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம், 90-களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல் எண்ணூர் துறைமுகம். அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கப்பலில் வர வேண்டும், குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும், சாம்பலைக் கொட்ட இடம் வேண்டும். எண்ணூர் கழிமுகம் மூன்றுக்கும் வாகாக இருந்தது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அங்கே இறால் பிடிப்பவர்களைக் கேளுங்கள், முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்கள்.

இவ்வளவு தூரம் தாத்தா சொன்னதுதான் சரி. ஒன்று இருந்ததால் அடுத்தது வந்தது. ஆனால் 1970-களுக்குப் பிறகு நிலைமை வேறு. அதற்கப்புறம் நகரத்துக்கென்று வளர்ச்சிக் குழுமம் இருக்கிறது, முதல் மாஸ்டர் பிளான் வந்துவிட்டது, எதை எங்கே வைப்பது என்று மேசைமேல் படத்தை விரித்து முடிவு செய்கிறார்கள். ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க வேண்டும் என்பது அந்தப் பிளானின் முக்கியமான நோக்கம், நல்ல நோக்கமும்கூட. கொத்தவால் சாவடி காய்கறி மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. பிராட்வேயிலிருந்து வெளியூர் பஸ்கள் 2002-ல் அங்கேயே போயின. இரும்பு மார்க்கெட் எங்கே போனது? மணலிப் பக்கம் சாத்தாங்காட்டுக்கு. லாரி முனையம் மாதவரத்துக்கு. பஸ்ஸும் மார்க்கெட்டும் போன இடத்தில் கடைகள், ஹோட்டல்கள், பிறகு மெட்ரோ. இரும்பும் லாரியும் வந்த இடத்தில் தூசி, உடைந்த சாலை, விபத்து. இரண்டும் ஒரே கொள்கையின் கீழ் நடந்த இடமாற்றம்தான்.

2008-ல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானின் நிலப் பயன்பாட்டுப் படத்தை எடுங்கள். அபாயகரமான தொழில்களுக்கென்று தனி நிறம் இருக்கும். அது எங்கே திட்டுத்திட்டாகச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள், மணலியும் எண்ணூரும் கண்ணுக்குத் தெரியும். ஏற்கெனவே ஆலை இருப்பதால் அந்த நிறம், அந்த நிறம் இருப்பதால் அடுத்த ஆலைக்கு அனுமதி சுலபம். மேஸ்திரி சொல்கிற பிடிவாதமான கோடு தானாகப் பிடிவாதம் பிடிப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் ஒருவர் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிறார். ஆய்வில் அந்தக் கையெழுத்துகளைத் தேடுங்கள்: அரசாணை, நில எடுப்பு அறிவிக்கை, வகை மாற்ற உத்தரவு. நில வகை மாற்றங்களை வளர்ச்சிக் குழுமம் விளம்பரம் கொடுத்து ஆட்சேபம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், அந்த விளம்பரங்களைப் பழைய நாளிதழ்களில் தேடலாம். கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து புரட்டினால் கிடைக்கும்.

இன்னொன்று. ஸ்காட்லாந்து நகரமைப்பாளர் பேட்ரிக் கெடஸ் 1915-ல் சென்னைக்கு வந்து நகரமைப்புக் கண்காட்சி வைத்தார். அவருடைய முதல் கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை எம்டன் என்கிற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது, நம்ம துறைமுகத்து எண்ணெய் டேங்குகளைச் சுட்ட அதே எம்டன். வேறு சேகரித்து வந்து காட்டினார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது: முதலில் ஊரை நடந்து பார், அப்புறம் திட்டம் போடு. அகலமான சாலைக்காக ஒரு தெருவையே இடிப்பதைவிட, இரண்டு மூன்று வீட்டை மட்டும் எடுத்துக் காற்றும் வெளிச்சமும் வர விடு. நூறு வருஷமாகியும் கெடஸை வகுப்பில் படிக்கிறோம், செய்வது பெரும்பாலும் நேரெதிர். இது எனக்கு வேலையில் இருந்த காலம் முழுக்க உறுத்திய விஷயம்.


கொருக்குப்பேட்டை கவி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாபு அண்ணா, கட்டாயம் வருகிறேன்.

ரவுண்டானா சார், கையெழுத்தைத் தேடு என்றது மனசில் நின்றது. மேஸ்திரி அண்ணாவும் சாரும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் சில இடம் ஒரே வருஷத்தில் தலைகீழாக மாறிவிட்டது, பக்கத்திலேயே சில தெரு தாத்தா காலத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது. ஒரே மாஸ்டர் பிளான், ஒரே நிறம். ஏன் இந்த வேகத்தில் வித்தியாசம்? அப்புறம் போஜராஜன் நகர் மாதிரி ரயில் பாதைக்கு நடுவே மாட்டிக்கொண்ட இடங்களை எந்தக் கோட்பாட்டில் சேர்ப்பது? ஒரு சுரங்கப்பாதைக்கு அந்த மக்கள் எத்தனை வருஷம் போராடினார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.


பட்டாளம் மில் வீட்டுப் பையன்

வேகத்துக்குக் காரணம் மனையின் அளவு. எங்கள் கதையையே சொல்கிறேன்.

தாத்தாவும் பெரியப்பாவும் பி அண்ட் சி துணி மில்லில் வேலை பார்த்தார்கள். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தது அந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான், வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். 1921 வேலைநிறுத்தத்தில் புளியந்தோப்பில் தொழிலாளர்களே இரண்டாகப் பிரிந்து ரத்தம் சிந்தியதும் அதே மில்லை ஒட்டித்தான். அந்தப் பிளவு எங்கள் பக்கத்துத் தெருக்களில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதில் ரொம்ப காலம் தெரிந்தது. உங்கள் நண்பர்கள் சொல்கிற காரணத்தையும் விட்டுவிடாதீர்கள், அதற்கான தடயம் இந்த மாதிரி இடங்களில் கிடைக்கும்.

பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரி முழுக்க மில் சங்குக்குத்தான் எழுந்தது. டீக்கடை திறப்பது, அடகுக்கடையில் கூட்டம் சேர்வது, மாவு மிஷின் ஓடுவது எல்லாம் ஷிஃப்ட் கணக்கு. சம்பள நாளில் தெருவில் துணி வியாபாரிகள் வந்து உட்காருவார்கள், மற்ற நாளில் அந்தத் தெருவில் அவர்களைப் பார்க்க முடியாது. 1996-ல் மில் நிரந்தரமாக மூடியது. அத்தனை ஏக்கரும் ஒரே பட்டா, ஒரே முதலாளி. கொஞ்ச காலம் குடோனாகவும் சினிமா ஷூட்டிங்குக்கும் விட்டார்கள், அப்புறம் விற்றார்கள், இன்றைக்கு அடுக்குமாடி. ஒரு கையெழுத்தில் முடிந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிற தெருவில் அரை கிரவுண்டு, கால் கிரவுண்டு மனைகள், ஒவ்வொன்றுக்கும் அஞ்சாறு வாரிசு, ஒருத்தர் துபாயில், ஒருத்தர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். எந்த பில்டர் வந்து என்ன செய்ய முடியும்? அதனால் அப்படியே இருக்கிறோம். மேல ஒரு மாடி, வெளிப்பக்கம் இரும்புப் படி, அவ்வளவுதான் மாற்றம்.

எங்கள் தெருவில் பலர் ஆட்டோ எடுத்தார்கள், சிலர் செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள், பெண்கள் அடுக்குமாடியில் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். நிலப் பயன்பாட்டுப் படத்தில் தொழிற்சாலை குடியிருப்பாக மாறியது என்று ஒரு நிறம் மாறியிருக்கும். அந்த நிறம் மாறியதில் எத்தனை குடும்பத்துக்கு மாதச் சம்பளம் போனது என்று உங்கள் கட்டுரையில் ஒரு பத்தியாவது வரட்டும்.


கண்ணகி நகர் சாந்தி

மில் வீட்டுத் தம்பி சொன்னதோடு சேர்த்து இதையும் எழுதுங்கள். எல்லோரும் இடம் எப்படி மாறியது என்கிறீர்கள். அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்? நாங்கள் வடக்கே கால்வாய் ஓரம் இருந்தவர்கள். குடிசை மாற்று வாரியம் 1970-ல் ஆரம்பித்தபோது இருந்த இடத்திலேயே மாடி கட்டிக் கொடுத்தார்கள், எங்கள் சொந்தக்காரர்கள் பலர் அப்படி வீடு கிடைத்து இன்னும் அங்கேயே இருக்கிறார்கள், துறைமுகத்திலோ மார்க்கெட்டிலோ வேலை நடந்துபோகிற தூரம். 2000-க்கு அப்புறம் எங்களைத் தெற்கே துரைப்பாக்கம் பக்கம் கண்ணகி நகருக்குக் கொண்டுவந்தார்கள். வீடு கான்கிரீட், சரி. என் மாமியார் காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர். விடியற்காலை ஏலத்துக்கு இங்கிருந்து எந்த பஸ்? ஒரு வருஷம் அங்கேயே சொந்தக்காரர் வீட்டு வாசலில் படுத்து எழுந்து வியாபாரம் பார்த்தார், அப்புறம் முடியவில்லை.

பழைய வாக்காளர் பட்டியலை எடுத்துத் தெருத் தெருவாகப் பாருங்கள். ஒரு பட்டியலில் இருந்து அடுத்த பட்டியலில் மொத்தமாகக் காணாமல் போன கதவு எண்கள் இருக்கும். அவர்களில் பாதிப்பேர் இங்கேதான் இருக்கிறோம். வாங்க, பேசலாம்.


செயற்கைக்கோள் ரசிகன்

சின்ன உதவி. 1960-களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் எடுத்த கொரோனா படங்களை 1995-ல் ரகசியப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் தளத்தில் தேடிப் பாருங்கள், சென்னைக் கரை வரும் படங்கள் உண்டு. எல்லாப் படத்திலும் தெரு அளவுக்குத் தெளிவு வராது, ஆனால் கரைக்கோடு, உப்பளம், ஏரி, ரயில் யார்டு நன்றாகத் தெரியும். மணலியில் ஆலை வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று அதில் பாருங்கள். 1972-லிருந்து எடுத்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் இப்போது இலவசம். கூகுள் எர்த்தில் பழைய தேதிக்குப் போகும் வசதியை வைத்து 2000-க்குப் பிறகு வருஷா வருஷம் நகர்த்திப் பார்க்கலாம். பாபு அண்ணன் சொன்ன அரிப்பையும் தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில் மணல் சேர்வதையும் கோடு போட்டே அளக்கலாம். கணேசபுரம் சுரங்கப்பாதை ஏன் ஒவ்வொரு மழைக்கும் நிரம்புகிறது என்று கேட்பவர்களுக்கும் பழைய படத்தைக் காட்டுங்கள். வியாசர்பாடி ஏரியும் கேப்டன் காட்டன் கால்வாயும் எந்த உயரத்தில், எந்தத் திசையில் இருக்கின்றன என்று பார்த்தாலே தண்ணீரின் வழி புரியும்.


முத்தியால்பேட்டை மேஸ்திரி

ரவுண்டானா சார் சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன், கோடுகளை யாரோ ஒவ்வொரு தடவையும் புதுப்பிக்கிறார்கள் என்பது சரி. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன்: புதுப்பிப்பவர் எப்போதும் அதிகாரி மட்டும் இல்லை. போஜராஜன் நகரைச் சுற்றி ரயில் போனது ரயில்வே முடிவு. ஆனால் தண்டவாளத்துக்கு நடுவே நிலம் மலிவு என்பதால் அங்கே மனை பிரித்து விற்றவர்களும் இருந்திருப்பார்கள், வாங்கியவர்களுக்கும் அதைவிட்டால் வேறு இடம் இருந்திருக்காது. கவி, அந்த இடத்தையே உங்கள் பிளாக்காக எடுங்கள் என்றுதான் சொல்வேன். எல்லை தெளிவு, ஆட்கள் பேசுவார்கள், ரயில்வேயிலும் மாநகராட்சியிலும் கடிதப் போக்குவரத்து கட்டுக்கட்டாக இருக்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

நடைமுறையில் ஒரு சிக்கல் வரும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பத்திரத்தில் ஓ.எஸ். (பழைய சர்வே) எண், அப்புறம் ஆர்.எஸ். (மறு சர்வே) எண், சி.சி. (கலெக்டர் சான்று) எண், இப்போது டவுன் சர்வேயில் பிளாக் எண் என்று ஒரே மனைக்கு நாலு எண் இருக்கும். கதவு எண்ணும் பழையது புதியது என்று இரண்டு. எண்ணை மட்டும் நம்பித் தேடினால் பக்கத்து மனைக்குப் போய்விடுவீர்கள். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்கிற ஒப்பீட்டுப் பதிவேடு வட்டாட்சியர் அலுவலக நில அளவைப் பிரிவில் இருக்கும், கல்லூரிக் கடிதத்தோடு மனு கொடுத்துக் கேளுங்கள். வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-லிருந்து இணையத்தில் பார்க்கலாம், அதற்கு முந்தியது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட மனு. 19-ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம், அங்கே முதல் தடவை போகும்போது எந்தத் துறை, எந்த வருஷம் என்று குறித்துக்கொண்டு போங்கள், வருவாய்த் துறைக் கட்டுகளில் ஆரம்பியுங்கள். பென்சில் மட்டும்தான் உள்ளே எடுத்துப்போக வேண்டும், பேனாவை பையிலேயே வைத்துவிடுங்கள்.


கொருக்குப்பேட்டை கவி

போஜராஜன் நகர்தான் அண்ணா, முடிவு செய்துவிட்டேன். மேடத்திடம் கல்லூரிக் கடிதம் கேட்டிருக்கிறேன். சாந்தி அக்கா, அங்கிருந்து கண்ணகி நகருக்கு வந்தவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் கேட்டுச் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்.